நெட்வொர்க் அமைக்கும்போது நிர்வாகி உரிமை எப்போது வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி வகுப்பு எடுக்கிறேன். இடையிடையே சிறு அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் எந்தக் கட்டளைக்கும் முன்னால் பழக்கத்தில் ‘சூடோ’ (நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று லினக்ஸுக்குச் சொல்லும் கட்டளை) சேர்த்துவிடுகிறார்கள். சிலர் அந்தச் சொல்லைக் கண்டாலே கையை எடுத்துவிடுகிறார்கள். இரு தரப்பாரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் உபுண்டு, டெபியன் லினக்ஸை வைத்தே பதில் சொல்கிறேன். விண்டோஸ் வேறுபடும் இடங்களில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

என் பணத்தில் வாங்கிய கணினி. நான்தானே அதன் நிர்வாகி? பிறகு ஏன் என்னிடமே கடவுச்சொல் கேட்கிறது?

லினக்ஸில் எல்லா உரிமையும் உள்ள கணக்கு ஒன்றே ஒன்று: ரூட். அதன் பயனர் எண் 0. நீங்கள் தினமும் நுழைவது அந்தக் கணக்கில் அல்ல, சாதாரணக் கணக்கில். உபுண்டுவில் ரூட் கணக்குக்குள் நேராக நுழையவே முடியாதபடி பூட்டித் தருகிறார்கள். கணினியை நிறுவியவரின் கணக்கு, ரூட்டின் உரிமையைத் தேவைப்படும்போது வரவழைத்துக்கொள்ளும் அனுமதியை மட்டும் பெற்றிருக்கிறது. அப்படி வரவழைக்கும் கட்டளைதான் சூடோ. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. இன்றும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

விண்டோஸிலும் இதே ஏற்பாடு 2007இல் விஸ்டாவுடன் வந்தது. நிர்வாகி கணக்கில் நுழைந்தாலும் உங்கள் நிரல்கள் சாதாரண உரிமையோடுதான் ஓடும். திரை மங்கி, ‘அனுமதிக்கிறீர்களா’ என்று பெட்டி வந்து, நீங்கள் ஆம் என்று சொன்ன நிரல் மட்டும் முழு உரிமை பெறும்.

என் கோப்புகளை எல்லாம் யாரையும் கேட்காமல் அழிக்க முடிகிறது. ஓர் ஐபி முகவரியை மாற்ற மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

உங்கள் கோப்பு உங்களுடையது. நெட்வொர்க் அட்டை அந்தக் கணினியில் உள்ள எல்லாப் பயனர்களுக்கும், எல்லா நிரல்களுக்கும் பொது. கோப்பை அழித்தால் இழப்பு உங்களோடு முடியும். இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை மாற்றினால், அந்தக் கணினியில் அடுத்து உட்காருபவர் வங்கியின் பெயரைத் தட்டும்போது எந்த வாசலுக்குப் போகிறார் என்பதே மாறிவிடும்.

இதற்கு நான் வகுப்பில் சொல்லும் உதாரணம் ‘டிஎன்எஸ்சேஞ்சர்’. வீடியோ பார்க்கத் தேவையான மென்பொருள் என்ற வேடத்தில் வந்து, நிறுவப்பட்டதும் கணினியின் டிஎன்எஸ் முகவரியைக் குற்றவாளிகளின் சர்வருக்குத் திருப்பிவிட்ட தீநிரல் அது. 100க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறக்குறைய 40 லட்சம் கணினிகள் சிக்கின. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பற்றிய வழக்கை அறிவித்தது. எஸ்தோனியாவைச் சேர்ந்த ஆறு பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அந்த சர்வர்களை உடனே அணைத்தால் லட்சக்கணக்கானோருக்கு இணையமே நின்றுபோகும். அதனால் நீதிமன்ற அனுமதியோடு மாற்று சர்வர்களை வைத்து, 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். ஒரே ஓர் அமைப்பை மாற்றியதன் விளைவு இது. நிறுவும்போது அந்த நிரலுக்கு நிர்வாகி உரிமையைக் கொடுத்தவர், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரே. கடவுச்சொல் கேட்கும் அந்த ஒரு நொடி உங்களை நிறுத்தி யோசிக்க வைப்பதற்காக இருக்கிறது.

ஐபி முகவரியைப் பார்ப்பதற்குக்கூட சூடோ வேண்டுமா?

வேண்டாம். முகவரியைப் பார்ப்பது, தகவல் போகும் வழிகளைக் குறிக்கும் ரவுட்டிங் அட்டவணையைப் பார்ப்பது, மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங், போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட், டிஎன்எஸ் பெயரைத் தேடுவது, விண்டோஸில் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக், இவற்றில் எதற்கும் நிர்வாகி உரிமை தேவையில்லை. பார்ப்பதற்குச் சாதாரணக் கணக்கு, மாற்றுவதற்கு சூடோ என்று மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

‘இல்லையே, டெபியனில் சூடோ போட்டால்தான் முகவரி தெரிந்தது’ என்று பலர் சாதிப்பார்கள். அவர்கள் சொல்வது பொய் அல்ல. பழைய ‘இஃப்கான்ஃபிக்’ கட்டளை டெபியனில் ‘எஸ்பின்’ என்ற அடைவில் இருக்கிறது. சாதாரணப் பயனர் கட்டளை தட்டும்போது ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) தேடிப் பார்க்கும் அடைவுகளில் அது இல்லை. அதனால் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ வருகிறது. சூடோவின் தேடல் பட்டியலில் அந்த அடைவு உண்டு, அதனால் கிடைக்கிறது. இங்கே தடையாக இருந்தது உரிமை அல்ல, கட்டளை இருக்கும் இடம். முழுப் பாதையோடு தட்டினால் சூடோ இல்லாமலே ஓடும். இன்று ‘ஐபி’ என்ற புதிய கட்டளையைப் பழகுவதே நல்லது.

ஒரு சிறு விதிவிலக்கு: எந்த நிரல் எந்தப் போர்ட்டை (சேவைக்கான வாசல் எண்ணை) பிடித்திருக்கிறது என்று ‘எஸ்எஸ்’ கட்டளையில் பார்க்கும்போது, மற்றவர்களின் நிரல்களுடைய பெயர் சூடோ இல்லாமல் தெரியாது. போர்ட்டுகள் தெரியும்.

அப்படியானால் எதற்கெல்லாம் கட்டாயம் வேண்டும்?

முகவரி சேர்க்க, நீக்க. அட்டையை இயக்க, நிறுத்த. ரவுட்டிங் அட்டவணையைத் திருத்த. ஃபயர்வால் விதி எழுத. பெயர்களுக்கு உரிய முகவரிகளைக் கணினியிலேயே எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்த. விபிஎன் போன்றவற்றுக்குப் புதிய மெய்நிகர் அட்டை உருவாக்க. நெட்வொர்க்கில் போகும் பிறருடைய தகவல் பொட்டலங்களைப் பிடித்துப் பார்க்க. 1024க்குக் கீழே உள்ள போர்ட்டில் சர்வரை ஓட்ட. இவற்றில் பெரும்பாலானவற்றை மறுப்பது இயங்குதளத்தின் மையமான கர்னல். ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று பதில் வந்தால் அது கர்னலின் குரல் என்று கொள்ளலாம்.

வைஃபை மாற்றும்போது யாரும் கடவுச்சொல் கேட்பதில்லையே. அதுவும் அட்டையின் முகவரியை மாற்றும் வேலைதானே?

நல்ல கேள்வி. மாற்றும் வேலைதான். ஆனால் மாற்றுவது நீங்கள் அல்ல. ‘நெட்வொர்க்மேனேஜர்’ என்ற சேவை பின்னணியில் ரூட் உரிமையோடு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையின் மூலையில் வைஃபையைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் அதனிடம் ஒரு விண்ணப்பம் கொடுக்கிறீர்கள். ‘போல்கிட்’ என்ற இன்னொரு சேவை, விண்ணப்பித்தவர் யார், கணினிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்து முடிவு சொல்கிறது. மடிக்கணினியோடு காபிக் கடைக்குப் போகிறவர் ஒவ்வொரு கடையிலும் நிர்வாகியாக மாற வேண்டியதில்லை என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

அதனால்தான் அதே பயனர், அதே கணினிக்குத் தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை தட்டும் வழி) வழியாக நுழைந்து வைஃபையை மாற்ற முயன்றால் பல நேரம் மறுப்பு வருகிறது. ஆள் அவரே, எதிரில் இல்லை. என் கருத்தில், வரைகலை வழியோ நெட்வொர்க்மேனேஜரின் ‘என்எம்சிஎல்ஐ’ கட்டளையோ போதுமான இடத்தில் சூடோவுக்குப் போகவே கூடாது.

சூடோ போட்டும் ‘பெர்மிஷன் டினைட்’ வருகிறது. இது என்ன கொடுமை?

பெரும்பாலும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்க்கும்போது இது நடக்கிறது. சூடோ, எக்கோ, சேர்க்க வேண்டிய வரி, பிறகு இரண்டு ‘அதைவிடப் பெரியது’ குறிகள், கோப்பின் பெயர் என்று தட்டுகிறார்கள். பார்வைக்கு முழு வரியும் சூடோவின் கீழ் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அந்தக் குறிகளைப் படித்துக் கோப்பைத் திறக்கப் போவது உங்கள் ஷெல். அது சாதாரண உரிமையில் ஓடுகிறது. சூடோ தொடங்குவதற்கு முன்பே கோப்பைத் திறக்க முயன்று தோற்றுவிடுகிறது.

வரியை ‘டீ’ கட்டளைக்குக் குழாய் வழியாக அனுப்பி, அந்த டீக்கு முன்னால் சூடோ போடுங்கள். ஆனால் டீக்குப் பின்னால் ‘சேர்’ என்று பொருள்படும் ஏ விருப்பத்தை மறந்தால் பழைய வரிகள் எல்லாம் அழிந்துபோகும். புதியவர்களுக்கு ‘சூடோஎடிட்’ பாதுகாப்பானது: கோப்பின் நகலைத் திறந்து, நீங்கள் சேமித்து மூடிய பிறகு அதை உரிய இடத்தில் வைக்கும்.

ஒவ்வொரு வரிக்கும் சூடோ தட்டுவது சலிப்பாக இருக்கிறது. ஒரேயடியாக ரூட்டாக மாறி வேலையை முடித்துவிட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். உபுண்டுவில் கடவுச்சொல்லை ஒருமுறை கொடுத்தால் அதே முனையத்தில் (கட்டளைச் சாளரத்தில்) 15 நிமிடங்களுக்கு மறுபடி கேட்காது. எனவே மிச்சமாவது நான்கெழுத்துச் சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லுக்கு இரண்டு பயன்கள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு கட்டளையும் யார், எப்போது ஓட்டியது என்ற பதிவோடு பதிவேட்டில் ஏறுகிறது. ரூட்டாக மாறி உட்கார்ந்துவிட்டால் மாறினீர்கள் என்பது மட்டும் பதியும். அதன்பின் செய்தவை பதியா. மறுநாள் ‘நேற்று என்ன மாற்றினோம்’ என்று தேடும்போது அதன் அருமை தெரியும்.

இன்னொன்று, அது கையைத் தடுக்கிறது. ஓர் அலுவலகத்தில் ரூட் முனையம் ஒன்றையும் சாதாரண முனையம் ஒன்றையும் அருகருகே திறந்து வைத்திருந்தேன். சோதனை அட்டையின் முகவரியை அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். அட்டையின் பெயரில் ஓர் எழுத்து பிசகி, அலுவலகம் முழுவதும் நம்பியிருந்த அட்டையின் முகவரி அழிந்தது. அது சாதாரண முனையமாக இருந்திருந்தால் மறுப்புச் செய்தியோடு போயிருக்கும். இருபது பேர் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்த அந்த நாளுக்குப் பிறகு நான் ரூட் முனையத்தைத் திறந்து வைப்பதில்லை.

சூடோ போட்டுத்தான் முகவரியை மாற்றினேன். கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் பழையது வந்துவிட்டது. உரிமை போதவில்லையா?

உரிமை போதும். ‘ஐபி’ கட்டளை கர்னலின் நினைவில் உள்ளதை மட்டும் மாற்றுகிறது. எந்தக் கோப்பிலும் எழுதுவதில்லை. நிலைக்க வேண்டுமானால் நெட்வொர்க்மேனேஜரிலோ, உபுண்டு சர்வரில் நெட்வொர்க் அமைப்பைக் குறித்துவைக்கும் நெட்பிளான் கோப்பிலோ எழுத வேண்டும். சோதித்துப் பார்க்கும்போது இந்த மறதி ஒரு வரம். தவறு செய்தாலும் ரீஸ்டார்ட் காப்பாற்றும்.

பிங் சாதாரணமாக ஓடுகிறது. டிசிபிடம்ப் மட்டும் ஏன் ரூட் கேட்கிறது? இரண்டும் பொட்டலம்தானே?

பிங் அனுப்புவது தன் பொட்டலத்தை. பெறுவது அதற்கு வந்த பதிலை. டிசிபிடம்ப் அந்த அட்டையைக் கடக்கும் எல்லாவற்றையும், மற்றப் பயனர்களுடையதையும் படிக்கிறது. அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் வேலைக்கு உரிமை கேட்பது நியாயம்.

வரலாற்றில் பிங்குக்கும் ரூட் உரிமை வேண்டியிருந்தது. அந்தக் கோப்பிலேயே ‘யார் ஓட்டினாலும் ரூட்டாக ஓடு’ என்ற குறி இருந்ததால் நமக்குத் தெரியாமல் போனது. பிறகு லினக்ஸ் 2.2 காலத்திலிருந்து ரூட்டின் முழு உரிமையைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் ‘கேப்பபிலிட்டி’ முறை வந்தது. நெட்வொர்க்குக்கு மூன்று துண்டுகளை அறிந்தால் போதும்: அமைப்பை மாற்றுவதற்கான ‘நெட் அட்மின்’, கச்சாப் பொட்டலங்களுக்கான ‘நெட் ரா’, கீழ்ப் போர்ட்டுகளுக்கான ‘நெட் பைண்ட் சர்வீஸ்’. 2011இல் வந்த லினக்ஸ் 3.0 பிங்குக்கென்றே தனி வழி திறந்தது.

வயர்ஷார்க்கை சூடோ போட்டுத் திறந்தால்தான் அட்டைகள் தெரிகின்றன. அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது, வயர்ஷார்க்கை எழுதியவர்களே கூடாது என்கிறார்கள். நூற்றுக்கணக்கான நெறிமுறைகளைப் பிரித்துப் படிக்கும் மிகப் பெரிய நிரல் அது. அது படிப்பது முன்பின் தெரியாதவர்கள் அனுப்பிய பொட்டலங்களை. படிக்கும் பகுதியில் ஒரு பிழை இருந்து, அதற்கென்றே வடிவமைத்த பொட்டலம் ஒன்று வந்து சேர்ந்தால், ரூட் உரிமை அனுப்பியவர் கைக்குப் போய்விடும்.

பொட்டலம் பிடிக்கும் வேலையை மட்டும் ‘டம்ப்கேப்’ என்ற சிறிய நிரல் செய்கிறது. டெபியனிலும் உபுண்டுவிலும் நிறுவும்போது ‘சாதாரணப் பயனர்களும் பிடிக்கலாமா’ என்று கேட்பார்கள். ஆம் என்று சொல்லி, உங்கள் கணக்கை ‘வயர்ஷார்க்’ குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். அந்தக் கடைசி அடியை விட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்கள்தான் அதிகம்.

என் இணையதளம் 8080ஆம் போர்ட்டில் ஓடுகிறது, 80இல் ஓட மறுக்கிறது. முழு நிரலையும் சூடோ போட்டு ஓட்டலாமா?

1024க்குக் கீழே ரூட் மட்டும் என்ற விதி பழைய யூனிக்ஸ் காலத்தது. பலர் பகிர்ந்த பெரிய கணினியில், 25ஆம் போர்ட்டில் பதில் சொல்வது நிர்வாகி வைத்த அஞ்சல் சேவைதான், பக்கத்து மேசை மாணவர் வைத்த போலி அல்ல என்ற நம்பிக்கையைத் தருவதற்காக வந்தது. விண்டோஸில் இப்படி ஒரு விதி இல்லை.

முழு நிரலை ரூட்டாக ஓட்டினால் வயர்ஷார்க்குக்குச் சொன்ன அதே ஆபத்து, இன்னும் மோசமாக. ஏனென்றால் இது உலகத்துக்கே திறந்திருக்கும் வாசல். நான் பரிந்துரைப்பது, முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரை வைத்து 80, 443 போர்ட்டுகளை அதனிடம் விட்டுவிட்டு, உங்கள் நிரலை 8080இலேயே ஓட்டுவது. என்ஜின்எக்ஸின் தாய் நிரல் மட்டும் ரூட்டாகத் தொடங்கும். வருகிறவர்களோடு பேசும் பிள்ளை நிரல்கள் உரிமை குறைந்த கணக்கில் ஓடும்.

முன்பு சொன்ன ‘நெட் பைண்ட் சர்வீஸ்’ துண்டை உங்கள் நிரலுக்கு மட்டும் தருவதும் சரியே. ஆனால் பைத்தானில் எழுதியவர்கள் கவனிக்க வேண்டும்: உரிமையைப் பைத்தான் கோப்புக்கே கொடுத்தால், அந்தக் கணினியில் யார் எழுதிய பைத்தான் நிரலும் அந்த உரிமையைப் பெற்றுவிடும்.

ஒரே ஒருமுறை சூடோ போட்டு ஓட்டினேன். இப்போது சூடோ இல்லாமல் ஓடவே மறுக்கிறது. ஏன்?

அந்த ஒருமுறை ஓடியபோது உங்கள் வீட்டு அடைவில் அது உருவாக்கிய கோப்புகளுக்கு ரூட் உரிமையாளராகிவிட்டார். அந்தக் கோப்புகளைக் கண்டுபிடித்து ‘சோன்’ கட்டளையால் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட், எஸ்எஸ்எச் இரண்டிலும் இது அடிக்கடி நேர்கிறது. சூடோ போட்டு எஸ்எஸ்எச் செய்தால் அது ரூட்டின் அடைவில் சாவியைத் தேடும். உங்கள் சாவி அங்கே இருக்காது. வெளியே இணைப்பு ஏற்படுத்துவது சாதாரண வேலை. சூடோ தேவையில்லை.

தொலைவில் உள்ள சர்வரில் ஃபயர்வாலை இயக்கினேன்; என் இணைப்பே அறுந்துவிட்டது. எச்சரிக்கை வந்திருக்க வேண்டாமா?

உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான ‘யூஎஃப்டபிள்யூ’ எச்சரிக்கிறது: எஸ்எஸ்எச் இணைப்புகள் அறுபடலாம், தொடரவா என்று கேட்கிறது. படிக்காமல் ஆம் என்று தட்டுகிறோம். எஸ்எஸ்எச்சுக்கு அனுமதி விதியை முதலில் எழுதிவிட்டுப் பிறகு இயக்க வேண்டும், வரிசை முக்கியம்.

முகவரி மாற்றத்துக்கு நெட்பிளானின் ‘ட்ரை’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். புதிய அமைப்பைப் பொருத்திவிட்டு 120 விநாடிகள் காத்திருக்கும். நீங்கள் உறுதி செய்யாவிட்டால், அதாவது உங்கள் இணைப்பு அறுந்திருந்தால், பழைய அமைப்புக்குத் தானே திரும்பும். சூடோ உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. செய்வது சரியா என்று பார்ப்பது இத்தகைய கருவிகளும் நீங்களும்தான்.

விண்டோஸில் நிர்வாகி கணக்கில்தான் இருக்கிறேன். இருந்தும் ‘எலிவேஷன்’ வேண்டும் என்கிறதே?

முதல் பதிலில் சொன்ன இரட்டை ஏற்பாடுதான் காரணம். கட்டளைச் சாளரத்தை வலது சொடுக்கில் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று திறக்க வேண்டும். ‘நெட்ஷ்’ கட்டளையால் முகவரியை மாற்றவும் வின்சாக் என்ற விண்டோஸின் நெட்வொர்க் பகுதியை மீட்டமைக்கவும் இது தேவை. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்த நோட்பேடையே அப்படித் திறக்க வேண்டும்.

அலுவலகத்தில் ஒருவர் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்கிறார். அவருக்கு முழு நிர்வாகி உரிமை கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. பாதி கொடுக்க முடியுமா?

விண்டோஸில் இதற்கென்றே ‘நெட்வொர்க் கான்ஃபிகரேஷன் ஆபரேட்டர்ஸ்’ என்ற குழு உண்டு. அதில் சேர்த்தால் முகவரி அமைப்புகளை மாற்றலாம், புதுப்பிக்கலாம். மென்பொருள் நிறுவவோ பிற கணக்குகளைத் தொடவோ முடியாது. அந்தக் குழு இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

லினக்ஸில் சூடோ விதிகளில் குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் அனுமதிக்கலாம். அந்தக் கோப்பை ‘விசூடோ’ வழியாக மட்டும் திருத்துங்கள். எழுத்துப்பிழை இருந்தால் சேமிக்கும் முன் அது சொல்லும். ஆனால் ‘ஐபி கட்டளையை மட்டும்தான் கொடுத்தேன்’ என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். ஐபி கட்டளையின் நெட்வொர்க் பெயர்வெளி (தனித்த நெட்வொர்க் சூழல்) வசதி, அதற்குள் எந்த நிரலையும் ஓட்டும். ரூட் ஷெல்லையும் ஓட்டும். டிசிபிடம்பிலும் வேறு நிரலை அழைக்கும் விருப்பம் உண்டு. கட்டளையை எந்த விருப்பங்களோடு ஓட்டலாம் என்பது வரை வரையறுங்கள், அல்லது வேலையை ஒரு சிறு ஸ்கிரிப்டில் எழுதி, அவரால் திருத்த முடியாத இடத்தில் வைத்து, அதற்கு மட்டும் உரிமை கொடுங்கள்.

ரவுட்டரின் நிர்வாகி கடவுச்சொல்லும் கணினியினுடையதும் ஒன்றா?

வெவ்வேறு. கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவரும், ரவுட்டரின் கடவுச்சொல் தெரிந்தால் வீட்டின் மொத்த டிஎன்எஸையும் உலாவி வழியாக மாற்றிவிடலாம். மேலே சொன்ன டிஎன்எஸ்சேஞ்சர் இதையும் முயன்றது: தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு ரவுட்டருக்குள் நுழையப் பார்த்தது. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், 60க்கும் மேற்பட்ட அத்தகைய பெயர், கடவுச்சொல் இணைகளைக் கையில் வைத்துக்கொண்டே கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. கணினியில் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும், ரவுட்டரில் பழைய கடவுச்சொல்லை விட்டுவைத்தால் பயனில்லை. இன்றே மாற்றுங்கள்.

நெட் வரவில்லை என்றால் சூடோ போட்டுப் பார்ப்பதில் தவறு என்ன?

பிழைச் செய்தியைப் படியுங்கள். ‘நெட்வொர்க் அன்ரீச்சபிள்’ என்றால் வழி இல்லை. ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் மறுமுனையில் கேட்பார் இல்லை அல்லது மறுக்கிறார்கள். ‘நோ சச் டிவைஸ்’ என்றால் அட்டையின் பெயர் தவறு. மூன்றுக்கும் சூடோ மருந்து அல்ல. ‘நாட் பெர்மிட்டட்’, ‘பெர்மிஷன் டினைட்’ இரண்டுக்குத்தான் உரிமையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நான் ரூட்டாகவே இருக்கிறேன். பயனர் எண் 0 என்றே காட்டுகிறது. அப்போதும் ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ வருகிறதே?

நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் டாக்கர் போன்ற கொள்கலனுக்குள் நீங்கள் இருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே ரூட் என்ற பெயர் இருக்கும். முன்பு சொன்ன துண்டுகளில் ‘நெட் அட்மின்’ இருக்காது. டாக்கர் இயல்பாக அதைத் தருவதில்லை. அதனால் முகவரியையோ ஃபயர்வாலையோ மாற்ற முடியாது.

இந்த இடத்தில் பலர் ‘பிரிவிலேஜ்டு’ என்ற விருப்பத்தைச் சேர்த்துக் கொள்கலனுக்கு எல்லா உரிமையையும் திறந்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் ‘கேப் ஆட்’ விருப்பத்தில் நெட் அட்மினை மட்டும் சேர்த்தால் போதும். அதற்கும் முன்னால், அந்த மாற்றத்தைக் கொள்கலனுக்கு வெளியே, தாய்க் கணினியில் செய்ய முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும்.